முட்டை லாரிக்கு ஒரு பாதை

திங்கட்கிழமை காலையில் முத்து முகம்மது, ரங்கூனிலிருந்து வடக்கே போகும் புரோம் ரோட்டோரம் லாரியை நிறுத்திவிட்டு ஹாரனை விடாமல் அழுத்தினார். உள்ளே வரவில்லை. போன மழைக்காலத்திலிருந்தே அவர் உள்ளே வருவதில்லை.

ரோட்டிலிருந்து சிங்கராயரின் கோழிக் கொட்டகைக்கு இரண்டு பர்லாங்கு தூரம். செம்மண்ணும் சரளையும் கலந்த பாதை. அந்தப் பாதையில்தான் போன வருஷம் முத்து முகம்மதின் லாரி அச்சுவரை புதைந்தது. இரண்டு ஜோடி எருமைகளைப் பூட்டி வெளியே இழுத்தபோது சக்கரத்துக்கு மேலிருந்த கமான் பட்டை முறிந்துபோயிருந்தது. அன்றைக்கு அவர் தலையில் அடித்துக்கொண்டு, "சிங்கராயண்ணே, உங்க வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்க, நடந்து வர்றேன். வண்டியோட மட்டும் கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர்.

அதிலிருந்து வாரம் இரண்டு தரம் சிங்கராயரும் அவர் மனைவி மக்தலேனாவும் உமி பரப்பிய பெட்டிகளில் முட்டைகளை அடுக்கி, கைவண்டியில் ஏற்றி, பள்ளத்துக்குப் பள்ளம் தூக்கித் தூக்கி ரோடுவரை தள்ளிக்கொண்டு வருவார்கள். நூறு முட்டைக்குப் பத்து முட்டை வழியிலேயே உடைந்துவிடும்.

அந்தத் திங்கட்கிழமை முத்து முகம்மது லாரியை விட்டு இறங்கி வந்ததே ஆச்சரியமாக இருந்தது. பெட்டி ஒன்றைத் திறந்து ஒரு முட்டையை எடுத்து வெயிலில் காட்டிப் பார்த்தார்.

"அண்ணே, அக்கா, ரெண்டு பேரும் கேளுங்க. துறைமுகத்துல கப்பலுக்குச் சாமான் ஏத்துற ஆள் ஒருத்தர் இருக்கார். வாரத்துக்கு ஆயிரம் முட்டை கேக்குறார். பெரிய முட்டையா வேணுமாம். நான் உங்களைத்தான் நெனச்சேன்."

"ஆயிரமா!" என்றாள் மக்தலேனா.

"ஆயிரம். ஆனா ஒண்ணு. கைவண்டியில வர்ற முட்டை ரோட்டுக்கு வர்றதுக்குள்ள பாதி ஆம்லெட்டாயிருது. அவருக்கு முழுசா வேணும். சனிக்கிழமை நானே உள்ள வர்றேன். கொட்டகை வாசல்ல ஏத்திக்கிட்டு ரோட்டுக்குத் திரும்புவேன். ரோட்டுல பெட்டியைத் திறந்து பாப்பேன். ஒண்ணும் உடையாம இருந்தா ஆர்டர் உங்களுக்கு. உடைஞ்சிருந்தா என்னைக் கோவிச்சுக்காதீங்க, வடக்கே இன்னொரு பண்ணை இருக்கு."

"இந்தப் பாதையிலயா வருவீங்க, பாய்?" என்று கேட்டார் சிங்கராயர். பக்கத்திலேயே ஒரு ஆள் கழுத்தளவுக்கு உள்ளே உட்காரக்கூடிய பள்ளம் இருந்தது.

முத்து முகம்மது அந்தப் பள்ளத்தைப் பார்த்தார். "சனிக்கிழமைக்கு இன்னும் அஞ்சு நாள் இருக்குல்ல?" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

சிங்கராயருக்கு நாற்பத்தாறு வயது. ரயில்வே பட்டறையில் பதினெட்டு வருஷம் பிட்டராக இருந்தவர். மக்தலேனா கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்து, ரங்கூனில் ஒரு கப்பல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் இருவரும் வேலையை விட்டுவிட்டு மாவ்பிக்குப் பக்கத்தில் இந்த நிலத்தை வாங்கிக் கோழி வளர்க்க வந்தார்கள். பிள்ளைகள் இருவரும் ரங்கூனில் சித்தி வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார்கள். கொட்டகையில் முந்நூறு கோழிகள் இருந்தன. பக்கத்தில் ஒரு பழைய டிராக்டரும் நின்றது.

டிராக்டர் வந்த கதையே தனி. அது அடுத்த ரப்பர் தோட்டத்துக்காரரான பர்மியர் ஊ பா கினுடையது. அது மூன்று வருஷமாக அவர் தோட்டத்து மரத்தடியில் நின்று துருப்பிடித்துக்கொண்டிருந்தது. அவர் மனைவிக்கோ ஒரு தையல் இயந்திரம் வேண்டும். மக்தலேனாவிடம் கல்யாணச் சீராக வந்த தையல் இயந்திரம் இருந்தது. தையல் என்றாலே அவளுக்கு ஆகாது. பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தின வாரம் இயந்திரத்தோடு இரண்டு டஜன் கோழியையும் சேர்த்துக் கொடுத்து டிராக்டரை மாற்றிக்கொண்டார்கள். சிங்கராயர் பத்து நாள் அதன் வயிற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்து ஓடவைத்துவிட்டார். பேட்டரி மட்டும் தேறவில்லை. முன்பக்கம் கைப்பிடியைச் செருகிச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். பெட்ரோலில் கிளம்பி, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடும்.

அன்று சாப்பிடும்போது சிங்கராயர் சோற்றைப் பிசைந்தபடியே எழுந்துவிட்டார்.

"தண்டவாளம்!"

"என்ன தண்டவாளம்?"

"கொட்டகை வாசல்ல படியாப் போட்டு வச்சிருக்கோமே, அந்தத் துண்டு. ஆறடி இருக்கும். ரெண்டு முனையிலயும் சங்கிலி போட்டு டிராக்டருக்குப் பின்னாடி கட்டி இழுத்தா மேட்டைச் சீவிப் பள்ளத்துல தள்ளும். பாதை பலகை மாதிரி ஆயிரும், மக்தலேன்!"

"கையைக் கழுவிட்டுப் பேசுங்க" என்றாள் அவள். ஆனால் அவளுக்கும் சோறு இறங்கவில்லை. இருவரும் தட்டை அப்படியே மூடி வைத்துவிட்டுத் தண்டவாளத்தைப் புரட்டிப் போடப் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை சங்கிலி தேடுவதிலும் தண்டவாளத்தின் முனைகளில் துளை போடுவதிலும் கழிந்தது. புதன்கிழமை சிங்கராயர் டிராக்டரில் ஏறி உட்கார்ந்தார். எஞ்சின் உறுமியது. தண்டவாளம் பின்னால் தடதடவென்று குதித்துக்கொண்டு வந்தது. இரண்டு மாதமாக மழை காணாத பாதை சுட்ட செங்கல்போல இறுகிக் கிடந்தது. தண்டவாளம் அதன்மேல் வழுக்கியது, துள்ளியது, எங்காவது ஒரு மேட்டில் சுரண்டியது. சுரண்டியதெல்லாம் புழுதியாகக் கிளம்பிற்று. மக்தலேனா முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, பள்ளங்களில் புழுதியையும் சரளையையும் வாரிப் போட்டு மிதித்தாள். சாயங்காலத்துக்குள் முப்பது தரமாவது போய் வந்துவிட்டார் சிங்கராயர். கண்ணிமையிலிருந்து கால்வரை சிவப்பாக இறங்கினார்.

பாதை தட்டையாக, சமமாக, நீளமாகக் கிடந்தது. பள்ளம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஊ பா கின் வேலியோரம் வந்து நின்று பார்த்துவிட்டு, "கவுங்தே, கவுங்தே" என்று பர்மிய மொழியில் பாராட்டினார்.

"பாத்தியா? ரங்கூன்ல கூட இப்படி ஒரு ரோடு கிடையாது" என்றார் சிங்கராயர்.

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்குத் தெற்கேயிருந்து காற்று வந்தது. ரப்பர் மரங்களின் இலைகளெல்லாம் புரண்டு வெளிறின. கோழிகள் சத்தமில்லாமல் கொட்டகைக்குள் ஒதுங்கின. மழை வந்தது. வருஷத்தின் முதல் பெருமழை. முக்கால் மணி நேரம் கொட்டித் தீர்த்தது.

சிங்கராயர் கொட்டகை வாசலில் நின்று பார்த்தார். பத்தே நிமிஷத்தில் அவர் போட்ட பாதையின் நடுவே சிவப்பு ஆறு ஓடியது. பள்ளங்களில் நிரப்பிய புழுதியையெல்லாம் அது வாரிக்கொண்டு போயிற்று. பழைய பள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன. அவர் தலைகீழாகக் கவிழ்த்திருந்த வாளியின்மேல் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"போச்சு. நாளன்னைக்கு பாய் வருவாரு, பாப்பாரு, திரும்பிப் போயிருவாரு" என்றார்.

மக்தலேனா குடையை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கினாள். வீட்டுக்குள் உட்கார்ந்து அழுவதைவிட வெளியே போய்ப் பார்ப்பது மேல் என்று அவளுக்குத் தோன்றியது. தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே நடந்தாள். வண்டிச் சக்கரம் விழுந்த இரண்டு தடங்களிலும் வாய்க்கால்போல் ஓடியது. வளைவில் குளமாகத் தேங்கியது. ஓரங்கள் நடுவைவிட உயரமாக இருந்ததால் தண்ணீருக்கு வெளியே போக வழியே இல்லை. பாதையே ஓடையாகிவிட்டிருந்தது.

பலா மரத்துக்குப் பக்கத்தில் வந்தபோது அவள் செருப்பு சேற்றில் அமுங்கவில்லை. நின்றாள். குனிந்து பார்த்தாள். அந்த இடத்தில், பத்து முழ நீளத்துக்கு, பாதை ஆமை முதுகுபோல் நடுவில் புடைத்திருந்தது. கொட்டகை கட்டியபோது மிஞ்சிய உடைந்த செங்கல்லை அவர்கள் கொட்டிய இடம் அது. மழை அதன்மேல் விழுந்து, நடு உச்சியில் பிரிந்து, பாதி இடப்பக்கமும் பாதி வலப்பக்கமுமாக இறங்கி ஓடியது. நடுவில் ஒரு சொட்டுக்கூடத் தேங்கவில்லை.

"என்னங்க!" அவள் கத்தினாள். "என்னங்க! இங்க வாங்க! ஓடி வாங்க!"

சிங்கராயர் பாம்பு என்று நினைத்துவிட்டார். கையில் கிடைத்த கம்போடு மழையில் ஓடி வந்தார்.

"எங்க? எங்க இருக்கு?"

"பாம்பு இல்லைங்க. தண்ணியைப் பாருங்க! எப்படிப் பிரிஞ்சு போகுதுன்னு பாருங்க! நீங்க இந்த இடத்துல நேத்து இழுக்கவே இல்ல, செங்கல் தட்டுதுன்னு ஒதுங்கிப் போனீங்க. இது மட்டும்தான் நல்லா இருக்கு!"

சிங்கராயர் கம்பைக் கீழே போட்டார். மழை அவர் தலையில் கொட்டியது. அவர் ஆமை முதுகின்மேல் ஏறி நின்று காலை ஓங்கி மிதித்தார். கல் மாதிரி இருந்தது. இரண்டு எட்டு தள்ளி மிதித்தார். கணுக்கால்வரை உள்ளே போயிற்று. மறுபடி மேட்டில் ஏறி மிதித்தார். மறுபடி இறங்கினார்.

"நாம பலகை மாதிரி போட்டோம், தண்ணி பலகை மேலயே உக்காந்துக்கிச்சு" என்றார் மெதுவாக. அப்புறம் குரல் உயர்ந்தது. "முதுகு மாதிரி போடணும்! ரெண்டு ஓரத்துலயிருந்தும் சரளையை வழிச்சு நடுவுல கொண்டு வரணும். ஓரத்துல வாய்க்கால் வெட்டணும்."

"அந்தத் தண்டவாளம் சரளையை நடுவுக்குக் கொண்டு வராதுங்க. முன்னால இருக்குறத அப்படியே முன்னாலதானே தள்ளுது?"

சிங்கராயர் அசையாமல் நின்றார். பட்டறையில் பதினெட்டு வருஷம் இருந்த மூளை வேலை செய்தது. அவள் கையிலிருந்த குடையை வாங்கி மடக்கினார். அதைச் சேற்றின்மேல் குறுக்கே வைத்து இழுத்துக் காட்டினார். சேறு அதன் முன்னால் குவிந்தது. பிறகு குடையைச் சாய்த்து, இடது முனை முன்னாலும் வலது முனை பின்னாலும் இருக்கும்படி வைத்து இழுத்தார். சேறு குடையோடு வழுக்கி வலப்பக்கம் ஒதுங்கியது.

"இடது சங்கிலியைக் குட்டையாக் கட்டணும்" என்றார். "தண்டவாளம் சாஞ்சு நிக்கும். பாதையோட இடது ஓரமாவே போகணும், திரும்பி வர்றப்பவும் நமக்கு இடது ஓரமாவே வரணும். ரெண்டு தரமும் சரளை நடுவுக்குத்தான் வரும்!"

இருவரும் தொப்பலாக நனைந்து ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். மழை விட்டதைக்கூடக் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வேலை தொடங்கிற்று. இரண்டு வேலை இருந்தது. ஒருவர் டிராக்டர் ஓட்ட வேண்டும், ஒருவர் இரண்டு பக்கமும் வாய்க்கால் வெட்ட வேண்டும். ஆள் தேடப் பொழுதில்லை.

"நீங்க வெட்டுங்க. நான் ஓட்டுறேன்" என்றாள் மக்தலேனா.

"நீயா? இது டைப்ரைட்டர் இல்ல, மக்தலேன்."

அவள் பெட்ரோல் குழாயைத் திறந்தாள். முன்பக்கம் போய்க் கைப்பிடியைச் செருகினாள். கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைத்துக்கொண்டு, கீழேயிருந்து மேலே ஒரே இழுப்பாக இழுத்தாள். எஞ்சின் முதல் தரத்திலேயே பிடித்துக்கொண்டது.

சிங்கராயர் மண்வெட்டியைப் பிடித்தபடி நின்றார். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கட்டைவிரல் முறியும். அதனால் விரலை அப்படித்தான் வைக்க வேண்டும். அதை அவர் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே இல்லை.

"எப்போலேருந்து?" என்று கேட்டார்.

"நீங்க தீவனம் வாங்க மார்க்கெட்டுக்குப் போற நாள்லெல்லாம். தண்ணி பீப்பாயை இதுல கட்டித்தான் இழுத்துட்டு வருவேன். ஊ பா கினைக் கேளுங்க, அவருதான் விரலை எப்படி வைக்கணும்னு சொன்னாரு."

"நானும் மண்ணெண்ணெய் குறையுதே, டாங்கி ஒழுகுதோன்னு மூணு தரம் அடியில படுத்துப் பாத்தேன்!"

"தெரியும். அப்போ நான்தான் உங்களுக்கு விளக்குப் பிடிச்சேன்" என்று சொல்லிவிட்டு அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகி, மூங்கில் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

முதல் ஓட்டத்தில் தவறு நடந்தது. அவசரத்தில் சிங்கராயர் வலது சங்கிலியைக் குட்டையாகக் கட்டிவிட்டார். சரளை நடுவுக்கு வருவதற்குப் பதிலாக ஓரத்தில் கொட்டியது.

"வெளிய போகுது! வெளிய போகுது!" என்று அவர் கையை ஆட்டிக்கொண்டு ஓடினார். வண்டியை நிறுத்திச் சங்கிலியை மாற்றினார்கள். அவர் மூன்று கண்ணி குறைத்தார். போதவில்லை. ஐந்து கண்ணி குறைத்தார்.

இரண்டாவது ஓட்டத்தில் மக்தலேனா திரும்பிப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் போனாள். மழை குடித்த மண் இளகியிருந்தது. புதன்கிழமை துள்ளிக்கொண்டு வந்த அதே தண்டவாளம் இப்போது அழுந்தி உட்கார்ந்து மண்ணைச் சீவியது. ஈரச் சரளை சுருண்டு, உருண்டு, சாய்ந்த தண்டவாளத்தின் வழியே நழுவி நடுவில் நீள வரப்பாக விழுந்தது. புழுதியே இல்லை. திரும்பி வரும்போது மறுபக்கத்துச் சரளை வந்து அந்த வரப்போடு சேர்ந்துகொண்டது.

"வருது!" என்று அவள் எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்தினாள். "என்னங்க, வருது பாருங்க!"

"பாத்துட்டேன்! முன்னால பாத்து ஓட்டு!"

நாலு ஓட்டம், ஆறு ஓட்டம், பத்து ஓட்டம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடு உயர்ந்தது, ஓரம் தாழ்ந்தது. சிங்கராயர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெட்டினார். சத்தம் கேட்டு ஊ பா கின் மண்வெட்டியோடு வேலி தாண்டி வந்தார். லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு மறுபக்கத்து வாய்க்காலைக் கேட்காமலே வெட்டத் தொடங்கினார்.

பதினோராவது ஓட்டத்தில், சரியாக வளைவின் நடுவில், எஞ்சின் இருமி நின்றது. மக்தலேனா டாங்கியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

"மண்ணெண்ணெய் எவ்வளவு இருக்கு வீட்டுல?"

"டின்ல இல்ல. முந்தாநாளே தீந்துது" என்றார் சிங்கராயர். மாவ்பி சந்தைக்குப் போய்வர அரை நாள் ஆகும்.

"விளக்குல இருக்கு!" என்றாள் மக்தலேனா.

அவள் இறங்கி ஓடினாள். வீட்டிலிருந்த நாலு விளக்குகளையும் அடுப்பையும் ஒரு வாளியில் கவிழ்த்தாள். ஊ பா கின் தன் வீட்டுக்கு ஓடினார். திரும்பி வந்தபோது ஒரு கையில் அரை டின்னும் மறுகையில் இரண்டு விளக்குகளும் இருந்தன. பின்னாலேயே அவர் மனைவி இன்னொரு விளக்கோடு திட்டிக்கொண்டே வந்தாள்.

"என்ன சொல்றாங்க?" என்று சிங்கராயர் கேட்டார். அந்த அம்மாள் பேசிய வேகம் அவருக்குப் பிடிபடவில்லை.

"ராத்திரிக்கு இருட்டுல சமைக்கச் சொல்றியான்னு கேக்குறாங்க. ஆனா விளக்கைக் கொண்டுவந்து கொடுத்துட்டாங்க பாருங்க" என்று மக்தலேனா சிரித்துக்கொண்டே மெல்லிய துணியில் வடிகட்டி டாங்கியில் ஊற்றினாள்.

மதியத்துக்குமேல் இழுப்பு வேலை முடிந்தது. ஆனால் சரளை பொலபொலவென்று இருந்தது. அழுத்தி இறுக்க உருளை கிடையாது. அவள் டிராக்டரின் சக்கரங்களாலேயே மிதிக்கத் தொடங்கினாள். ஒரு தரம் நடுவில், ஒரு தரம் இடப்பக்கம், ஒரு தரம் வலப்பக்கம் என்று அங்குலம் அங்குலமாகத் தள்ளித் தள்ளி ஓட்டினாள். வெயில் சாய்ந்தபோது இறங்கினாள். ஸ்டீயரிங் பிடித்த விரல்கள் விரிய மறுத்தன. ஆனாலும் அவளால் உட்கார முடியவில்லை. ரோடுவரை நடந்து போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள்.

அன்று இரு வீட்டிலும் மெழுகுவர்த்திதான்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஹாரன் கேட்டது. வானம் ஈயம்போல் இருண்டிருந்தது. முத்து முகம்மது லாரியை ரோட்டில் நிறுத்திவிட்டு முதலில் நடந்து வந்தார். பத்தடிக்கு ஒரு தரம் நின்று குதிகாலால் குத்திப் பார்த்தார். குனிந்து பாதையின் முதுகைக் கண் மட்டத்தில் வைத்துப் பார்த்தார். திரும்பிப் போனார். லாரி கிளம்பும் சத்தம் கேட்டது.

"போறாரா?" என்றாள் மக்தலேனா, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

லாரி பாதைக்குள் திரும்பியது. பலா மரத்தைத் தாண்டியது. வளைவைத் தாண்டியது. குலுங்காமல், ஒரு பக்கம்கூடச் சாயாமல் வந்து கொட்டகை வாசலில் நின்றது. முத்து முகம்மது வண்டிக்குள்ளிருந்தே கேட்டார்: "யாரு அண்ணே போட்டது? கான்ட்ராக்டரா?"

சிங்கராயர் மனைவியைக் காட்டினார். முத்து முகம்மது சிங்கராயரையும் பார்த்தார், மக்தலேனாவையும் பார்த்தார், டிராக்டரையும் பார்த்தார். "அக்காவா!" என்றார்.

பன்னிரண்டு பெட்டிகளை ஏற்றினார்கள். கடைசிப் பெட்டியை ஏற்றும்போது மழை இறங்கியது. வியாழக்கிழமை மழையைவிடப் பெரிய மழை. தகரக் கூரையில் அது அறைந்த சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. முத்து முகம்மது தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டுக் கொட்டகைக்குள் ஓடி வந்தார்.

"அண்ணே, இறக்கிருவோம்! எனக்குப் போன வருஷம் ஞாபகம் வருது. மழை விட்டு ரெண்டு நாள் கழிச்சு வர்றேன்."

"பாய், ஒரு அஞ்சு நிமிஷம். தண்ணியைப் பாருங்க" என்றாள் மக்தலேனா.

மூவரும் வாசலில் நின்றார்கள். மழை பாதையின் முதுகில் விழுந்தது, பிரிந்தது, இரு பக்கமும் சின்னச் சின்ன ஓடைகளாக இறங்கி வாய்க்காலில் சேர்ந்தது. வாய்க்கால் நிரம்பி ரோட்டை நோக்கிச் சிவப்பாகப் பாய்ந்தது. நடுவில் சரளை கழுவிவிட்டதுபோல் மினுங்கியது. முத்து முகம்மது வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏறுங்க அக்கா, முன்னால. போவோம்!" என்றார் திடீரென்று.

மக்தலேனா வண்டியில் தாவி ஏறினாள். சிங்கராயர் மண்வெட்டியோடு மழைக்குள் முன்னால் ஓடினார். வளைவில் இலைக் குப்பை வாய்க்காலை அடைத்திருந்தது. தண்ணீர் பாதைமேல் ஏறப் பார்த்தது. அவர் இரண்டே வெட்டில் அதைத் தள்ளித் திறந்துவிட்டு ஓரமாக ஒதுங்கிக் கையசைத்தார். லாரி அவரைக் கடந்தது. மக்தலேனா ஜன்னல் வழியே தலையை நீட்டிச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். அமுங்கவில்லை. எங்கேயும் அமுங்கவில்லை.

புரோம் ரோட்டில் ஏறியதும் முத்து முகம்மது தார்ப்பாய்க்குள் புகுந்து பெட்டிகளைத் திறந்தார். முதல் பெட்டி முழுசு. இரண்டாவது முழுசு. சிங்கராயர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். ஏழாவது பெட்டியில் முத்து முகம்மதின் கை நின்றது. ஒரு முட்டையை வெளியே எடுத்தார். விரிசல் விட்டிருந்தது.

மக்தலேனா கிட்டே வந்து எட்டிப் பார்த்தாள்.

முத்து முகம்மது முட்டையைத் திருப்பிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். விரிசலில் உமி ஒட்டிக் காய்ந்திருந்தது. அதை நகத்தால் சுரண்டினார்.

"இது வண்டியில உடையல" என்றார். "இப்ப உடைஞ்சிருந்தா ஈரமா இருக்கும். காஞ்சு கெடக்கு. உங்க கோழியே மிதிச்ச முட்டை, நேத்தைக்கு." முட்டையைச் சாலையோரம் எறிந்தார். மீதி ஐந்து பெட்டிகளையும் திறந்தார். எல்லாம் முழுசு.

"அண்ணே, ஆர்டர் உங்களுது! வாரத்துக்கு ஆயிரம்! அக்கா, வீட்டு வாசலுக்கே வர்றேன். சாப்பாடும் போடணும், சொல்லிட்டேன்!"

சிங்கராயர் மண்வெட்டியைத் தலைக்குமேல் தூக்கி நடுரோட்டில் ஆடினார். ரங்கூன் பக்கம் போன ஒரு பஸ் ஹாரன் அடித்து அவரைச் சுற்றிக்கொண்டு போயிற்று. உள்ளே இருந்தவர்கள் ஜன்னல் வழியே பார்த்துச் சிரித்தார்கள். மக்தலேனா அவர் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

லாரி மறைந்ததும் இருவரும் பாதையின் நடு முதுகில் வீட்டைப் பார்த்து நடந்தார்கள். மழை தூறலாகிவிட்டிருந்தது. வளைவுக்கு வந்ததும் அவள் நின்றாள். இடது ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது.

"அது கிடக்கட்டும்" என்றார் சிங்கராயர். "லாரியே போயிருச்சு."

"இன்னிக்கு ஒரு சாண். விட்டா அடுத்த வாரம் ஒரு முழம். மண்ணு இப்போ நல்லா இளகியிருக்கு, ரெண்டே ஓட்டத்துல சரியாயிரும்."

"மண்ணெண்ணெய்?"

"டாங்கியில கால்வாசி இருக்கு. நேத்தே குச்சி விட்டுப் பாத்துட்டேன்."

அவள் நடையை எட்டிப் போட்டாள். பிறகு ஓடவே தொடங்கிவிட்டாள். சிங்கராயர் மண்வெட்டியைத் தோளில் சாத்திக்கொண்டு, "நில்லு, மக்தலேன், சங்கிலியை நான் கட்டுறேன்!" என்று கூவியபடி அவள் பின்னால் ஓடினார்.